0, 0: இல்லாத ஒரு தீவின் முகவரி

கூகுள் மேப்பைத் திறந்து, தேடும் இடத்தில் 0,0 என்று மட்டும் தட்டிப் பாருங்கள். ஆப்பிரிக்காவுக்கு மேற்கே, கினி வளைகுடாவில், நடுக்கடலில் ஒரு சிவப்புக் குறி வந்து நிற்கும். கிட்டப் போய்ப் பார்த்தாலும் நீலம்தான். இன்னும் கிட்டப் போனாலும் நீலம்தான். இருப்பதிலேயே பக்கத்துக் கரை கானா நாட்டுடையது. அதுவே 550 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. கடலின் ஆழம் அங்கே ஏறக்குறைய 5 கிலோமீட்டர்.

வரைபடத் தரவுகளோடு மாரடிக்கிறவர்கள் இந்த இடத்துக்கு வைத்திருக்கும் பெயர் ‘நல் ஐலண்ட்’ (Null Island). தீவு என்று பெயரே தவிர, ஒரு பிடி மண் கிடையாது. ஆனால் கணினிகளைக் கேட்டால் கதை வேறு. அவற்றின் கணக்குப்படி இங்கே ஓட்டல்கள் இருக்கின்றன, பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன, வீட்டு மனைகள் விற்பனைக்கு இருக்கின்றன, கல்யாணப் படங்கள் எடுக்கப்பட்டிருக்கின்றன, திருட்டும் நடந்திருக்கிறது. மனிதக் கால் படாத இடத்தில் இவ்வளவு கூட்டம் எப்படிச் சேர்ந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

பூமியில் ஓர் இடத்தைச் சொல்ல இரண்டு எண்கள் போதும். நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே அல்லது தெற்கே எத்தனை பாகை என்பது அட்சரேகை. ஒரு குறிப்பிட்ட தொடக்கக் கோட்டிலிருந்து கிழக்கே அல்லது மேற்கே எத்தனை பாகை என்பது தீர்க்கரேகை. சென்னை ஏறக்குறைய 13.08 வடக்கு, 80.27 கிழக்கு. கணினி ‘வடக்கு’, ‘கிழக்கு’ என்றெல்லாம் எழுதுவதில்லை. வடக்கும் கிழக்கும் வெறும் எண். தெற்கும் மேற்கும் கழித்தல் குறி போட்ட எண். ஒரு பாகை அட்சரேகை என்பது தரையில் சுமார் 111 கிலோமீட்டர். புள்ளிக்குப் பிறகு 5 இலக்கம் எழுதினால் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் வரை குறித்துவிடலாம். இந்தத் தசம இலக்கங்கள் பின்னால் ஒரு வில்லங்கத்துக்குக் காரணமாகப் போகின்றன.

நிலநடுக்கோட்டில் சர்ச்சை இல்லை. பூமி சுற்றுகிற விதத்திலேயே அது அமைந்துவிடுகிறது. தீர்க்கரேகைக்கு அப்படி இயற்கையான தொடக்கம் எதுவும் கிடையாது; மனிதர்கள் கூடிப் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். 1884 அக்டோபரில் வாஷிங்டனில் 25 நாடுகளின் பிரதிநிதிகள் கூடினார்கள். அப்போதே உலகக் கப்பல் சரக்கில் 72 சதவீதம் கிரீன்விச்சைத் தொடக்கமாக வைத்த வரைபடங்களை நம்பித்தான் போய்க்கொண்டிருந்தது. எனவே லண்டன் அருகிலுள்ள கிரீன்விச் வானாய்வகம் ஜெயித்தது. ஆதரவு 22, எதிர்ப்பு 1. பிரான்சும் பிரேசிலும் வாக்களிக்கவில்லை. பிரான்ஸ் 1911 வரை வீம்பாகப் பாரிஸ் நேரத்தையே வைத்திருந்தது. ஒருவழியாக மாறியபோதும் சட்டத்தில் கிரீன்விச் என்ற பெயரைச் சேர்க்கவில்லை. ‘பாரிஸ் சராசரி நேரத்தில் 9 நிமிடம் 21 நொடி குறைத்தது’ என்று எழுதிச் சமாளித்தார்கள். பிரான்சும் பிரேசிலும் வாக்களிக்காத விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

கிரீன்விச் கோடு தெற்கே இறங்கி, பிரான்ஸ், ஸ்பெயின் வழியாகப் போய், கானாவின் டெமா துறைமுக நகரில் கரையை விட்டுக் கடலில் இறங்குகிறது. அப்புறம் நிலநடுக்கோட்டை வெட்டுகிறது. வெட்டுகிற அந்தப் புள்ளிதான் 0,0.

பூஜ்யம் பூஜ்யம் என்று ஒரு கற்பனை இடத்தைக் கடலில் வைத்துக் கணக்குப் போடுவது ஒன்றும் ஐரோப்பியர் கண்டுபிடித்த வேலை இல்லை. ஆரியபடர் கி.பி. 499-ஐ ஒட்டி எழுதிய ஆரியபடீயத்திலும், பின்னால் வந்த வானியல் சித்தாந்த நூல்களிலும் ‘லங்கை’ என்று ஓர் இடம் வரும். நாம் அறிந்த இலங்கைத் தீவு இல்லை அது. உஜ்ஜயினி வழியாகப் போகும் தொடக்கக் கோடும் நிலநடுக்கோடும் சந்திக்கும் இடத்துக்குத்தான் அந்தப் பெயர். லங்கையிலிருந்து நேர் வடக்கே, பூமியின் சுற்றளவில் பதினாறில் ஒரு பங்கு தூரத்தில் உஜ்ஜயினி இருக்கிறது என்கிறார் ஆரியபடர். அதாவது 22.5 பாகை. உண்மையில் உஜ்ஜயினி இருப்பது 23.2 பாகைக்கு அருகே. அந்தக் காலத்துக்கு இது அபாரமான கணக்கு. ஆரியபடீயத்தில் நாள் தொடங்குவதே லங்கையின் சூரியோதயத்தில்தான். இன்றைய வரைபடத்தில் அந்த இடத்தைத் தேடினால், மாலத்தீவின் தென்கோடித் தீவுகளுக்குக் கிழக்கே வெறும் இந்தியப் பெருங்கடல். உலகத்தின் பழைய ‘நல் ஐலண்ட்’ எது என்று யாராவது கேட்டால் நான் தயங்காமல் இதைச் சொல்வேன்.

ஒரு வித்தியாசம் உண்டு. லங்கையில் யாரும் தவறுதலாகக் குடியேறவில்லை. கினி வளைகுடாவில் தினமும் குடியேறிக்கொண்டே இருக்கிறார்கள்.

காலிக்கும் பூஜ்யத்துக்கும் உள்ள தூரம்

பள்ளிக்கூட மதிப்பெண் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு மாணவர்கள். மூன்று பேர் 80, 70, 60 வாங்கியிருக்கிறார்கள். நான்காவது பிள்ளை தேர்வுக்கே வரவில்லை. எந்த ஆசிரியரும் அந்தக் கட்டத்தில் 0 போட மாட்டார். ‘ஆப்சென்ட்’ என்று எழுதுவார். எழுதியவர்களின் சராசரி 70. யாரோ ஒருவர் அந்தக் கட்டத்தில் 0 போட்டுவிட்டால் சராசரி 52.5 ஆகிவிடும். ஆசிரியர் மோசம் என்று தலைமையாசிரியர் முடிவு கட்டிவிடுவார். ‘எழுதவில்லை’ என்பதும் ‘எழுதி சைபர் வாங்கினான்’ என்பதும் ஒன்றல்ல.

கணினியில் அந்த ‘ஆப்சென்ட்’டுக்குப் பெயர்தான் நல். மதிப்பு தெரியாது, அல்லது இல்லை என்று சொல்லும் குறி அது. 0 என்பது தெரிந்த மதிப்பு. இரண்டையும் பிரித்து வைக்கத் தரவுத்தளங்களில் வசதி இருக்கிறது. ஆனால் தரவு ஒரே இடத்தில் சும்மா இருப்பதில்லையே. போனிலிருந்து சர்வருக்கு, சர்வரிலிருந்து எக்செல்லுக்கு, எக்செல்லிலிருந்து வரைபடத்துக்கு என்று கைமாறிக்கொண்டே இருக்கும். எங்கோ ஒரு கை மாறும்போது காலி பூஜ்யமாகிவிடுகிறது.

இதை நீங்களே பார்க்கலாம். எக்செல்லில் ஒரு கட்டத்தைக் காலியாக விடுங்கள். வேறொரு கட்டத்தில் சமன்குறி போட்டு, அந்தக் காலிக் கட்டத்தைச் சுட்டிவிட்டு என்டர் தட்டுங்கள். 0 என்று வரும். நீங்கள் எதுவும் எழுதவில்லை, எக்செல் எழுதிவிட்டது. நிரல் மொழிகளிலும் இதே கதை. ஜாவாஸ்கிரிப்டிடம் ஒன்றுமே இல்லாத வெற்று எழுத்துச்சரத்தைக் கொடுத்து எண்ணாக மாற்றச் சொன்னால் 0 என்று திருப்பித் தரும். இன்னும் பல மொழிகளில், எண்ணுக்கு ஓர் இடம் ஒதுக்கி மதிப்புப் போடாமல் விட்டால், மொழியே அதில் 0 வைத்துவிடும். நிரல் எழுதுகிறவருக்கு அது வசதி. மற்ற எண்களாக இருந்தால் பரவாயில்லை. அட்சரேகை 0, தீர்க்கரேகை 0 என்றால், அது ஓர் உண்மையான இடம்!

சரி, அட்சரேகையும் தீர்க்கரேகையும் ஏன் காலியாகின்றன? இரண்டு வழக்கமான வழிகள்.

ஒன்று, ஜி.பி.எஸ். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் சமிக்ஞை கிடைத்தால்தான் உங்கள் போன் தன் இடத்தைச் சரியாகக் கணக்கிடும். கட்டடத்துக்குள் இருக்கும்போதும், சுரங்கப்பாதையில் போகும்போதும், போனை இப்போதுதான் ஆன் செய்திருக்கும்போதும் அது கிடைக்காமல் போகலாம். ‘இன்னும் தெரியவில்லை’ என்று எழுதி வைக்கிற செயலி ஒழுங்கான செயலி. 0,0 என்று எழுதி வைக்கிற செயலியால் உங்கள் படம் கினி வளைகுடாவுக்குப் போய்விடுகிறது.

இன்னொன்று, முகவரியை எண்ணாக மாற்றும் வேலை. இதற்கு ஜியோகோடிங் என்று பெயர். ‘பழைய எண் 14, புதிய எண் 27, பிள்ளையார் கோயில் தெரு, ரேஷன் கடை எதிரில்’ என்று நாம் எழுதுவோம். தபால்காரர் கண்டுபிடித்துவிடுவார், சாப்பாடு கொண்டுவரும் தம்பி ஒரு போன் போட்டுக் கண்டுபிடித்துவிடுவார். கணினிக்கு எந்தப் பிள்ளையார் கோயில் தெரு என்று தெரியாது. ரேஷன் கடை அதன் பட்டியலிலேயே இருக்காது. தேடித் தோற்றதும் ‘கிடைக்கவில்லை’ என்று சொல்ல வேண்டியது. பல மென்பொருள்கள் அதற்குப் பதில் 0,0-ஐ நீட்டிவிட்டு அடுத்த முகவரிக்குப் போய்விடுகின்றன. 10,000 முகவரிகளை இப்படி மாற்றினால் அதில் ஒரு கொத்து நிச்சயம் கடலில் மிதக்கும்.

தீவு இல்லை, ஆனால் ஒரு மிதவை

அந்தப் புள்ளியில் உண்மையாகவே ஒரு பொருள் நங்கூரமிட்டு நிறுத்தப்பட்டது என்பது இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி. காற்றின் வேகம், ஈரப்பதம், மேலிருந்து நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழம் வரை கடலின் வெப்பம், உப்புத்தன்மை ஆகியவற்றை அளந்து செயற்கைக்கோள் வழியாக அனுப்பும் மிதவை அது. வானிலைப் பட்டியலில் நிலைய எண் 13010. பெயர் ‘சோல்’. வெப்பமண்டல அட்லாண்டிக்கில் இதுபோல நிறுத்தப்பட்ட மிதவைகளுக்கெல்லாம் இசை வகைகளின் பெயர்களைத்தான் வைத்திருக்கிறார்கள்: சாம்பா, ஜாஸ், ரெகே, லம்படா. கடல் ஆய்வாளர்களுக்கும் பொழுதுபோக வேண்டுமே.

பிராட்டா என்ற இந்தத் திட்டம் 1997-இல் தொடங்கியது. அந்த இடத்தில் அளப்பதற்குக் காரணம் 0,0 என்ற கவர்ச்சி இல்லை. நிலநடுக்கோட்டு அட்லாண்டிக்கின் வெப்பம் கொஞ்சம் ஏறி இறங்கினாலும், ஒரு பக்கம் மேற்கு ஆப்பிரிக்காவின் பருவமழையும் இன்னொரு பக்கம் வடகிழக்கு பிரேசிலின் மழையும் தடம் மாறுகின்றன. இத்திட்டத்தை நடத்தும் மூன்று நாடுகள்: அமெரிக்கா, பிரான்ஸ், பிரேசில். 1884-இல் கூட்டம் கூட்டிய நாடும், அந்தக் கூட்டத்தில் கிரீன்விச்சுக்கு வாக்களிக்காமல் ஒதுங்கிய இரண்டு நாடுகளும்! கிரீன்விச் கோட்டின் பூஜ்யத்தில் கடைசியில் இவர்கள்தான் சேர்ந்து மிதவை கட்டியிருக்கிறார்கள். இங்கிலாந்து அந்தப் பட்டியலிலேயே இல்லை.

தீவுக்கு அதிகாரபூர்வமாக ஒரு பட்டா கிடைத்தது 2011-ஐ ஒட்டி. ‘நேச்சுரல் எர்த்’ என்பது யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய உலக வரைபடத் தரவு. செய்தித்தாள் வரைபடங்கள் முதல் கல்லூரிப் பாடங்கள் வரை பரவலாகப் புழங்குவது. அதை உருவாக்கியவர்கள் அந்தத் தரவில் நல் ஐலண்டை ஒரு நாடாகவே சேர்த்துவிட்டார்கள். பரப்பளவு ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர். ஒரு நாற்காலி போட்டு உட்காரலாம், அவ்வளவுதான். இறையாண்மை என்ற இடத்தில் ‘தீர்மானிக்கப்படாதது’ என்று எழுதினார்கள். சாதாரண வரைபடங்களில் தென்படாதபடி அதன் தரவரிசையையும் கடைசியில் தள்ளி வைத்தார்கள்.

விளையாட்டு போலத் தெரியும், ஆனால் உருப்படியான காரியம். உங்கள் வாடிக்கையாளர் பட்டியலை நாடுவாரியாகப் பிரிக்கிறீர்கள் என்று வையுங்கள். இந்தியா இவ்வளவு, சிங்கப்பூர் இவ்வளவு, மலேசியா இவ்வளவு, நல் ஐலண்ட் 312 பேர். உடனே புரிந்துவிடும், 312 முகவரிகள் பழுது. அந்த நாடு பட்டியலில் இல்லாவிட்டால் இந்த 312 பேரும் ‘கடல்’ என்ற கணக்கில் ஓசைப்படாமல் காணாமல் போயிருப்பார்கள். பிறகு வரைபட ரசிகர்கள் இதற்குக் கொடி வரைந்தார்கள், வரலாறு எழுதினார்கள், டி-ஷர்ட்டும் போட்டுக்கொண்டார்கள். எந்தத் துறைக்கும் உள்வட்ட நகைச்சுவை ஒன்று இருக்கும்; வரைபடக்காரர்களுடையது இது.

இடையில் ஒரு சின்ன விஷயம். கிரீன்விச்சுக்குப் போகிறவர்கள் தரையில் பதித்த உலோகக் கோட்டின் இரு பக்கமும் கால் வைத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். போனை எடுத்து ஜி.பி.எஸ். பார்த்தால் தீர்க்கரேகை பூஜ்யமாக இருக்காது. உண்மையான பூஜ்யம் அங்கிருந்து 102 மீட்டர் கிழக்கே, பூங்காவில், எந்த அடையாளமும் இல்லாமல் போகிறது. 19-ஆம் நூற்றாண்டில் அந்த இடத்துப் புவியீர்ப்பு எந்தப் பக்கம் இழுக்கிறதோ அதைச் செங்குத்தாக வைத்துக் கோடு போட்டார்கள். உள்ளூர் நிலத்தின் அமைப்பால் அந்தச் செங்குத்தே மயிரிழை சாய்ந்திருந்தது. ஜி.பி.எஸ். பூமியின் நடுமையத்தை வைத்துக் கணக்குப் போடுகிறது. உலோகக் கோட்டில் கால் வைத்தவர்கள் யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்டதாகத் தெரியவில்லை.

கடலில் விழாத பூஜ்யங்கள்

நல் ஐலண்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நான் அந்த இடத்துக்கு நன்றி சொல்வேன். தப்பு அங்கே விழுந்தால் யாருக்கும் காயமில்லை. பார்த்தவுடனே தப்பு என்று தெரிகிறது. ‘தெரியாது’ என்பதற்குப் பதிலாக மென்பொருள் ஏதோ ஒன்றை எடுத்து நிரப்புகிறது. அப்படித் தானாக நிரப்பும் மதிப்பைத்தான் டிஃபால்ட் என்கிறோம். அந்த டிஃபால்ட் நம்பும்படியான ஓர் இடமாக இருந்துவிட்டால்தான் ஆபத்து.

லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறை, எந்தத் தெருவில் என்ன குற்றம் நடந்தது என்று மக்கள் பார்க்க ஒரு இணைய வரைபடம் வைத்திருந்தது. 2009-இல் பத்திரிகைக்காரர்கள் உட்கார்ந்து பார்த்தபோது, ஊரிலேயே குற்றம் மிகுந்த இடமாக ஒரு புள்ளி எழுந்து நின்றது. எங்கே? காவல்துறையின் புதிய தலைமையகத்துக்குப் பக்கத்துத் தெருவில். முகவரி புரியாத குற்றங்களையெல்லாம் மென்பொருள் நகரத்தின் நடுவே ஒரு டிஃபால்ட் புள்ளியில் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறது. வரைபடத்திலிருந்த குற்றங்களில் சுமார் 4 சதவீதம் அந்த ஒரே புள்ளியில். காவல் நிலையப் பக்கத்தில் என்பதால்தான் சந்தேகம் வந்தது. அதே புள்ளி ஒரு குடியிருப்புப் பகுதியில் விழுந்திருந்தால்? ‘அந்தப் பக்கம் வீடு பார்க்காதே’ என்று ஊரே பேசியிருக்கும்.

கான்சாஸ் கதை இன்னும் மோசம். இணையத்தில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஐ.பி. முகவரி என்று ஓர் எண் உண்டு. அந்த எண்ணை வைத்து அது எந்த ஊர் என்று உத்தேசமாகச் சொல்லும் தரவுத்தளங்களை விற்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. மேக்ஸ்மைண்ட் அவற்றில் பெரியது. சில எண்களுக்கு ஊர் தெரியாது. ‘அமெரிக்காவில் எங்கோ’ என்பதுவரைதான் தெரியும். அப்போது எந்தப் புள்ளியைக் கொடுப்பது? நாட்டின் நடுமையத்தைக் கொடுக்கலாம் என்று முடிவு செய்தார்கள். அமெரிக்க நிலப்பரப்பின் நடுமையம் 39.83 வடக்கு, 98.58 மேற்கு என்ற இடத்தருகே வருகிறது. எதற்கு இத்தனை தசமம் என்று 38, கழித்தல் 97 என முழு எண்களாக்கிவிட்டார்கள்.

38, கழித்தல் 97 என்பது கான்சாஸ் மாநிலத்தில் பாட்வின் என்ற சிற்றூருக்கு அருகே ஒரு பண்ணை வீட்டு நிலம்.

60 கோடி ஐ.பி. முகவரிகள் அந்த ஒரே புள்ளிக்குப் போய்ச் சேர்ந்தன. விற்றவர்களைப் பொறுத்தவரை அது ‘அமெரிக்கா’ என்பதற்கான குறி. வாங்கிய மென்பொருள்களுக்கு அது ஒரு வீடு. எண்ணில் 38.0000 என்று இருந்தால், ‘இது உத்தேசம்’ என்று எண் சொல்லாது. தசமத்துக்குப் பின்னால் பூஜ்யங்களைப் பார்த்ததும் ‘ஆகா, துல்லியம்’ என்றுதான் எவரும் நினைப்பார்கள். மோசடி மின்னஞ்சல் அனுப்பியவர் யார் என்று தேடினால் அந்தப் பண்ணை. கணக்கை ஹேக் செய்தவர் யார் என்றால் அந்தப் பண்ணை. வீட்டை விட்டு ஓடிய பிள்ளையைத் தேடி உள்ளூர் போலீஸ் வந்தது, எஃப்.பி.ஐ. வந்தது, வரித்துறை வந்தது, தற்கொலை செய்துகொள்ளப் போவதாகச் சொன்ன முன்னாள் ராணுவ வீரரைக் காப்பாற்ற ஆம்புலன்ஸ் வந்தது. கோபத்தில் யாரோ உடைந்த கழிப்பறைப் பீங்கானைக் கொண்டுவந்து வாசலில் போட்டுவிட்டுப் போனார். அங்கிருந்தவர்களுக்கோ வருடக்கணக்காக ஏன் என்றே தெரியாது.

2016-இல் காஷ்மீர் ஹில் என்ற பத்திரிகையாளர் இந்த முடிச்சை அவிழ்த்து எழுதினார். நிறுவனத்தின் பதில், ‘எங்கள் தரவு ஊர் அளவுக்குத்தான், வீட்டைக் கண்டுபிடிக்க அதைப் பயன்படுத்தச் சொல்லவில்லை’ என்பது. வாதம் சரிதான். ஆனால் வரைபடத்தில் ஊசி குத்துகிற மாதிரி ஒரு புள்ளியைக் கையில் கொடுத்துவிட்டு, அதை ஊசி என்று நினைக்காதே என்றால் யார் கேட்பார்கள்? பின்னர் அவர்கள் அந்த டிஃபால்ட்டை விசிட்டா நகருக்கு மேற்கே ஓர் ஏரியின் நடுவுக்கு மாற்றினார்கள். கடல் இல்லாத கான்சாஸ், தனக்கென்று ஒரு நல் ஐலண்டை ஏரியில் அமைத்துக்கொண்டது. தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவிலும் ஒரு வீட்டுக்கு இதே பாடு: நகரம் முழுவதற்குமான புள்ளி அந்த வீட்டுக் கொல்லையில் விழுந்ததால், திருடுபோன போனைத் தேடி வருகிறவர்கள் ஓயவில்லை.

போன் வரைபடத்தில் உங்கள் நீலப் புள்ளியைச் சுற்றி ஒரு வெளிர்நீல வட்டம் விரிந்து சுருங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வட்டத்துக்குள் எங்கேயோ இருக்கிறீர்கள், எங்கே என்று உறுதியில்லை என்று போன் ஒப்புக்கொள்கிற இடம் அது. கான்சாஸ் விஷயத்தில் தேவைப்பட்டதும் அதுதான்: புள்ளியோடு சேர்த்து, ‘இதைச் சுற்றி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வட்டம்’ என்ற எச்சரிக்கை.

பூஜ்யத்தின் பங்காளிகள்

இடத்துக்கு மட்டும் இந்த நோய் இல்லை. பல கணினிகள் நேரத்தை 1970 ஜனவரி 1, கிரீன்விச் நள்ளிரவிலிருந்து எத்தனை நொடிகள் என்று எண்ணுகின்றன. தேதி காலியாகி பூஜ்யமானால் 1970 வந்து நிற்கும். இந்திய நேரத்தில் அது காலை 5:30. பழைய கோப்பு எதிலாவது ‘1 ஜனவரி 1970, 5:30’ என்று பார்த்தால் அது நல் ஐலண்டின் கடிகாரம் என்று தெரிந்துகொள்ளுங்கள். 2015-இன் கடைசி நாளில் ஃபேஸ்புக் பலருக்கு ‘உங்கள் நட்புக்கு 46 ஆண்டுகள்’ என்று வாழ்த்து அனுப்பியது. வாழ்த்துப் பெற்றவர்களில் பலருக்கு வயதே 46 ஆகவில்லை. எக்செல்லில் 0-வைத் தேதியாகக் காட்டச் சொன்னால் அது இன்னும் ஒரு படி மேலே போய், 1900-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 0-ஆம் தேதி என்று காட்டும்.

எதிர்த்திசையிலும் விபத்து நடக்கும். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர் விளையாட்டாகத் தன் கார் நம்பர் பிளேட்டில் ‘நல்’ என்ற ஆங்கிலச் சொல்லையே வாங்கி மாட்டினார். போலீஸ் கணினியைக் குழப்பிவிடலாம் என்று ஆசை. நடந்தது என்னவென்றால், நம்பர் பதிவாகாத கார்களுக்குப் போட்ட அபராதச் சீட்டுகளெல்லாம் இவர் பெயருக்கு வந்து குவிந்தன. 12,000 டாலருக்கு மேல். 2019-இல் ஒரு ஹேக்கர் மாநாட்டு மேடையில் அவரே இதைச் சொன்னார்.

எதிலுமே பூஜ்யம் போடாமல், எண் சரியாகவே இருந்து இடம் மட்டும் தப்பிப்போவதும் உண்டு. கூகுள் மேப் அட்சரேகையை முதலில் கேட்கும். வரைபட நிரல்களில் அதிகம் புழங்கும் ஜியோஜேசன் என்ற வடிவம் தீர்க்கரேகையை முதலில் கேட்கும். ஒன்றுக்கு எழுதியதை இன்னொன்றில் ஒட்டினால் சென்னை 80.27 வடக்கு, 13.08 கிழக்கு என்று ஆகிவிடும். அது ஆர்க்டிக்கில், நார்வேயின் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுக்கு வடக்கே உள்ள உறைபனிக் கடல். நியூயார்க் எழுதும்போது கழித்தல் குறியை மறந்தால் கிர்கிஸ்தான் மலைகளுக்குப் போய்விடுவீர்கள்.

அதனால் உங்கள் கடையின் வாடிக்கையாளர் பட்டியலையோ, கல்லூரிப் புராஜெக்டுக்காகச் சேர்த்த கோயில் பட்டியலையோ வரைபடத்தில் ஏற்றினால், முதல் வேலையாகப் படத்தை நன்றாகச் சுருக்கி முழு உலகத்தையும் பாருங்கள். தமிழ்நாட்டுக் கோயில் ஒன்று கினி வளைகுடாவில் நின்றால் தரவு காலி. ஸ்பிட்ஸ்பெர்கன் பக்கம் நின்றால் எண்கள் இடம் மாறியிருக்கின்றன. நாக்பூரைச் சுற்றி ஒரே புள்ளியில் நாற்பது கோயில்கள் நின்றால், யாரோ ‘இந்தியா’ என்பதற்கு ஒரு நடுப்புள்ளியை டிஃபால்ட்டாக வைத்திருக்கிறார்கள். முதல் இரண்டும் தாமாகவே கண்ணில் படும். மூன்றாவதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்: எண்களை வரிசைப்படுத்தி, ஒரே ஜோடி எத்தனை முறை திரும்ப வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்.